எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு

மணி ரெண்டே முக்கால் ஆகப்போகுது, நாலு மணிக்குச் சிகிச்சைச் செலவுக்கு அனுமதி கொடுக்கற மும்பைக்காரங்க கடையைச் சாத்திடுவாங்க, அதுக்குள்ள இந்த ஃபைல் போகலைன்னா போளூர்ல முனியம்மாள்னு ஒரு அம்மா இன்னைக்கும் டயாலிசிஸ் இல்லாம வீட்டுக்குத் திரும்பணும், இதுல என் மேனேஜர் ஃபெலிக்ஸ் என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு மிக்ஸர் தின்னுக்கிட்டிருக்கார். நறுக் நறுக்னு. மனுஷன் யோசிக்கிற நேரத்துல பின்னந்தலைக்குப் பக்கத்துல நின்னு மிக்ஸர் தின்னா எவனுக்குத்தான் மூளை ஓடும்? மெயில் இன்னும் திரையில திறந்தே கிடக்கு. எழுதினது அமுதவல்லி, போளூர் சென்டர் டெக்னீஷியன். "சார், முனியம்மாவைச் செவ்வாக்கிழமையே திருப்பி அனுப்பிட்டோம். இன்னைக்கு ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு, பேசினா மூச்சு வாங்குது. நாலரை ஷிஃப்ட்டுக்கு இப்பவே வந்து உக்காந்துட்டாங்க. அப்ரூவல் நம்பர் இல்லாம மெஷின்ல போட எங்களுக்குப் பர்மிஷன் இல்லை. தயவு பண்ணி ஏதாவது செய்யுங்க." தயவு பண்ணி. நான் என்ன கலெக்டரா, தயவு பண்ண? பெருங்குடியில ஆறாவது மாடியில உக்காந்து ஜாவா அடிக்கிறவன். ஏசி நேரா கழுத்துல அடிக்குது, மூணு தடவ அட்மின்கிட்ட சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் ஏணியோட வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போறான். கழுத்து விறைச்சுப் போயிருக்கு. அந்தம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு, எனக்குக் கழுத்து வலி, நல்ல கதை. "தணிகை, என்ன கேட்டகிரி போடப்போறீங்க?"ன்னு ஃபெலிக்ஸ் கேக்கறார். இருய்யா. முதல்ல என்ன ஆச்சுன்னு பார்க்க விடுய்யா. வாயில "ஒரு நிமிஷம் ஃபெலிக்ஸ்"னு வருது.

என்ன ஆச்சுன்னு தெரியாமலா இருக்கு? மும்பையிலிருந்து வந்த பதில்ல தெளிவா இருக்கு. இந்த மாசத்துக்கு அனுமதிச்ச பதிமூணு தடவையும் முடிஞ்சுபோச்சு, அதனால கொடுக்க மாட்டோம். எங்க முடிஞ்சுது? ஜூன் ஒண்ணுலேர்ந்து கணக்குப் பார்த்தா அந்தம்மா செவ்வா, வியாழன், சனின்னு வந்தது ஆறே தடவைதான். மிச்சம் ஏழு எங்கேர்ந்து முளைச்சுது? நானும் அரை மணி நேரமா பதிவு லாக்கைத் தோண்டறேன், தோண்டினா கிடைக்குது, செங்கத்துல இன்னொரு முனியம்மாள். திங்கள், புதன், வெள்ளி. ஏழு தடவை. ஆறும் ஏழும் பதிமூணு. ரெண்டு ஊர்ல ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பேரையும் ஒருத்தியா ஆக்கி வெச்சிருக்கான் மும்பைக்காரன். அட கண்ணு தெரியாதவனே, ஒருத்தி வாரத்துல ஆறு நாளும் ரெண்டு ஊருக்கு மாத்தி மாத்தி பஸ் ஏறிப்போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வருவாளா? இந்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து புது விதியாம். ஒரே பேர், ஒரே பிறந்த தேதி, ஒரே மாவட்டம், இந்த மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள். திருவண்ணாமலை மாவட்டத்துல முனியம்மாள்னு கூப்பிட்டா பஸ்ஸே நிக்கும், பாதிப் பேர் திரும்பிப் பாப்பாங்க, அது மும்பையில உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். சரி, பேர் ஒண்ணா இருக்கலாம், மாவட்டம் ஒண்ணா இருக்கலாம். பிறந்த தேதி எப்படி ஒண்ணா இருக்கும்? ரெண்டு பேருக்கும் ஜனவரி ஒண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டு.

"டேட்டா எரர்தானே? சென்டர்ல தேதியைத் தப்பா அடிச்சிருக்காங்க. டேட்டா எரர்னு போடுங்க, முடிஞ்சுது"ங்கறார் ஃபெலிக்ஸ். முடிஞ்சுதா. டேட்டா எரர்னு போட்டா அது ஒரு கியூவுல போய் விழும், சென்டர்காரங்க ஆதார் நகல் அனுப்பணும், சென்டரை நடத்தற டிரஸ்ட்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும், மூணு வேலை நாள். இன்னைக்கு வியாழன். வெள்ளி ஒண்ணு, சனி ஞாயிறு கணக்குல வராது, திங்கள், செவ்வாய். செவ்வாக்கிழமைன்னா அந்தம்மாவுக்குப் பத்து நாள் ஆகியிருக்கும் மெஷினைப் பார்த்து. பத்து நாள் தாங்குமா? தாங்காதுன்னு கூகுள் பார்க்கத் தேவையில்லை, பேசினாலே மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்கே. சாஃப்ட்வேர் டிஃபெக்ட்னு போட்டா இன்னைக்கே அவசர வழியில அனுப்பலாம், மும்பைக்காரன் மறு பேச்சு பேசாம எடுத்துக்குவான், ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆனா அந்த ஃபாரத்துல 'காரணம்'னு ஒரு கட்டம், 'காரணமான நபர்'னு ஒரு கட்டம். ரெண்டுமே கட்டாயம், நட்சத்திரம் போட்டிருக்கு. காலியா விட்டா சிவப்பா சிரிக்கும்.

காரணம். சரி, காரணத்துக்கே வருவோம், சுத்திச் சுத்தி எங்க போனாலும் அங்கதானே வந்து நிக்கணும். இந்த டிரஸ்ட்டுக்குப் பதினாலு ஊர்ல டயாலிசிஸ் சென்டர், எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் எங்களுது. எங்க பக்கம் எல்லாமே கிளாஸ், அதாவது ப்ரோக்ராம்ல கட்டம் பிரிச்ச ஒரு பெட்டி. நோயாளின்னா ஒரு கிளாஸ், அதுல பேர், ஊர், பிறந்த தேதி. மும்பைக்காரங்களுக்கு எங்க கிளாஸ் தேவையில்லை, அவங்களுக்கு வேண்டியது எக்ஸ்எம்எல்ங்கிற ஃபைல். எந்தத் தகவல் எந்த வடிவத்துல வரணும்னு ஒரு சட்டம் போட்டுக் கொடுத்திருக்காங்க, அதுக்குப் பேர் ஸ்கீமா, விளக்கத்தோட சேர்த்து நானூத்திப் பதினாறு பக்கம். என் கிளாஸை அவங்க ஸ்கீமாவுக்குக் கட்டிவைக்கறது அனோடேஷன். ஒவ்வொரு ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு கட்டத்தோட தலை மேலயும் அட் குறி போட்டு ஒரு வரி எழுதணும், பாத்திரக்கடையில குடத்துல பேர் வெட்டிக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி. இது அவங்க வீட்டு இந்தப் பேர், இது கட்டாயம், இது இல்லாட்டியும் பரவாயில்லை. வெட்டிட்டா அப்புறம் மெஷின் பார்த்துக்கும், நாம திரும்பிப் பார்க்க வேண்டாம். அதான் பிரச்சினையே. நாம திரும்பியே பார்க்கறதில்லை. என் ஃபீல்டும் அவங்க டைப்பும், அதாவது அவங்க கேக்கற வடிவமும், ஒத்துவரலைன்னா நடுவுல அடாப்டர்னு ஒரு சின்ன கிளாஸ் எழுதி, அதையும் ஒரு அனோடேஷன்ல கட்டிவிடலாம். பிறந்த தேதிக்கு மேல அப்படி ஒண்ணு தொங்குது. திறந்து பார்க்கறேன். பதினேழு வரி. வருஷம் மட்டும் வந்தா, கூட ஜனவரி ஒண்ணு சேர்த்து அனுப்பு. எவன்டா இவன்? எந்தப் புத்திசாலிடா இவன், வருஷம் மட்டும் தெரிஞ்ச கிழவி கிழவன் அத்தனை பேரையும் ஒரே நாள்ல பெத்துப் போட்டவன்?

எந்த வரியை எவன் எழுதினான்னு பார்க்க ஒரு கட்டளை இருக்கு, அதுக்குப் பேரே பிளேம், பழின்னு அர்த்தம். வெள்ளைக்காரன் ஒளிவு மறைவு இல்லாம வெச்சிருக்கான் பேரை. அடிச்சேன். பதினேழு வரிக்கும் பக்கத்துல பக்கத்துல ஒரே பேர். தணிகைவேல், தணிகைவேல், தணிகைவேல். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆகஸ்ட் மாசம், காலையில பத்து நாப்பத்தேழுக்கு. குறிப்புல 'இப்போதைக்கு'ன்னு ஒரே வார்த்தை. திரையைச் சட்டுனு சின்னதாக்கிட்டேன், ஃபெலிக்ஸ் பார்த்துட்டாரான்னு திரும்பறேன், அவர் மிக்ஸர் பாக்கெட்டுக்குள்ள கடலையைத் தேடிக்கிட்டிருக்கார். காது சுடுது. நாப்பத்தேழு வயசுல, ஸ்கூல் பையன் பிட்டை மறைக்கிற மாதிரி மறைக்கறேன் பாரு.

பத்து நாப்பத்தேழு. ஞாபகம் வருது. பதினோரு மணிக்கு டெமோ. டிரஸ்ட்காரங்க எட்டுப் பேர் கீழ ரிசப்ஷன்ல வந்து உக்காந்தாச்சு, இங்க டெஸ்ட் ஓடாம சிவப்பு சிவப்பா விழுது. என்னன்னு பார்த்தா ஏதோ ஒரு சென்டர்ல பிறந்த தேதி கட்டத்துல வெறும் வருஷத்தை அடிச்சிருந்தாங்க. நான் அன்னைக்கு என்ன கத்து கத்தினேன். "படிச்சவங்கதானே, ஒரு தேதியை முழுசா கேட்டு வாங்கத் தெரியாதா, முட்டாப் பசங்க"ன்னு இதே இடத்துல நின்னு கத்தினேன், பக்கத்து டீம் எழுந்து நின்னு பார்த்தது. அப்புறம் ஜனவரி ஒண்ணு. பச்சையாச்சு. டெமோ நடந்துது. கை தட்டினாங்க. சமோசா வந்துது. 'இப்போதைக்கு'ன்னு போட்டது ஆறு வருஷமா அங்கயே குடியிருக்கு, ஒரு நாள் ஒரு பொழுது யாரும் போய் எப்ப காலி பண்றேன்னு கேக்கலை. நானும் கேக்கலை. எனக்கு மறந்துபோச்சுன்னு சொல்லிக்கலாமா? மறக்கலை. ரெண்டு தடவ ஞாபகம் வந்துது, ரெண்டு தடவையும் வேற வேலை இருந்துது.

போன் அதிருது. வீட்லேர்ந்து, என் பொண்டாட்டி கலைவாணி. "சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கறாரு, உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க, திட்டறாரு." எடுத்துப் பார்த்தா அந்த மெசேஜைத் தவிர மத்ததெல்லாம் இருக்கு, லோன் வேணுமா, நிலம் வேணுமா, பல்லு கட்டணுமா. மேல தள்ளித் தள்ளிக் கட்டை விரல் வலிக்குது. "நம்பர் சொன்னாத்தான் இறக்குவாராம், இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவாராம்"னு மறுபடியும். கண்ணெதிர்ல சிலிண்டர் இருக்கு, கண்ணெதிர்ல அடுப்பு இருக்கு, கேக்கறவ நிக்கறா, கொண்டாந்தவர் நிக்கறாரு, நாலு நம்பருக்காக எல்லாரும் நிக்கணும். கிடைச்சுது. எட்டு ரெண்டு ஏழு ஒண்ணு. சொன்னேன். "இதை முதல்லயே பார்க்கறதுக்கென்ன"ன்னு வெச்சுட்டா. போளூர்லயும் மெஷின் இருக்கு, ஊசி போட ஆள் இருக்கு, அந்தம்மா எதிர்லயே உக்காந்திருக்காங்க. சை. மணி மூணு அஞ்சு.

சரி, ஸ்கீமாவைத் திற. பிறந்த தேதிக்கு மும்பைக்காரன் என்னதான் கேட்டிருக்கான்? பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. படிக்கறேன். மூணுல ஒண்ணு கொடுத்தாப் போதும்னு எழுதியிருக்கான். முழுத் தேதி, இல்லாட்டி மாசமும் வருஷமும், அதுவும் இல்லாட்டி வெறும் வருஷம். தெரிஞ்ச வரைக்கும் கொடு, தெரியாததைச் சேர்க்காதேன்னு கீழ தனியா ஒரு வரி வேற. இந்த மாசம் சேர்த்த பின்னிணைப்புல, வருஷம் மட்டும் வந்தா தகப்பன் பேர் இல்லை கணவன் பேரையும் ஒத்துப் பார்த்துத்தான் ஒரே ஆள்னு முடிவு பண்ணுவோம்னும் இருக்கு. போளூர் அம்மாவோட வீட்டுக்காரர் பேர் ஏழுமலை, செங்கத்து அம்மாவோட வீட்டுக்காரர் பேர் சின்னப்பையன். மோதவே மோதியிருக்காது. கண்ணு தெரியாதவன்னு யாரைத் திட்டினேன் நான்? அந்த இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை நான் அப்பவே படிச்சிருக்கேன். ஓரத்துல மஞ்சள் கோடு போட்டிருக்கேன், என் கோடுதான் அது. படிச்சுட்டு என்ன நினைச்சேன்னும் ஞாபகம் இருக்கு, அதுதான் வயித்தெரிச்சல். ஒரு ஃபீல்டுக்கு மூணு வடிவமா, என் கிளாஸ்ல எங்க வெக்கறது, எழுத்தா வாங்கி வெச்சா அசிங்கமா இருக்கும், வயசு கணக்குப் போட முடியாது, தேதின்னா தேதியா இருக்கணும், சுத்தமா இருக்கணும். சுத்தம். என் கிளாஸ் சுத்தமா இருக்கணும்னு அந்தம்மாவோட ரத்தத்தை அழுக்கா விட்டாச்சு. இல்லை, இப்படியெல்லாம் யோசிச்சா வேலை ஆகாது, கையை நடத்து.

கை நடக்குது, தலை நிக்க மாட்டேங்குது. தேதிங்கிற டைப்பை எடு, எழுத்தா மாத்து, அடாப்டர்ல ஜனவரி ஒண்ணை வெட்டு, வருஷம் வந்தா வருஷமாவே போகட்டும். இருபது நிமிஷ வேலை. ஆறு வருஷம் தள்ளிப்போட்டது இருபது நிமிஷ வேலை. இதுல பெரிய கூத்து என்னன்னா, இந்த விஷயம் தெரியாம இருக்க எனக்கு நியாயமே கிடையாது. என் பிறந்த தேதியே பொய். சர்டிஃபிகேட்ல ஜூன் ஒண்ணு. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில, அம்மா சொல்லிச் சொல்லி அலுத்தவ. அஞ்சு வயசு முடியலைன்னு திருத்தணி ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னாங்க, அப்பா "அப்ப முடிஞ்ச மாதிரி போட்டுக்குங்க சார்"னாரு, ஹெட்மாஸ்டர் போட்டுக்கிட்டார், அவ்வளவுதான், நான் அஞ்சு மாசம் முன்னாடியே பிறந்துட்டேன். என் வகுப்புல முப்பத்தெட்டுப் பேர், பாதிப் பேருக்கு மே, ஜூன். இந்த ஆபீஸ்லயும் அதே கதை. நாப்பது தாண்டினவங்கள்ல பதினோரு பேருக்கு ஜூன் ஒண்ணு. ஒவ்வொரு வருஷமும் ஹெச்ஆர் பொண்ணு பெரிய கேக்கா வாங்கிட்டு வந்து, "வாவ், என்ன ஒரு கோஇன்சிடென்ஸ்"னு போட்டோ எடுக்கும். நாங்க பதினோரு பேரும் திருடனுங்க மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு ஒரே கத்தியைப் பிடிச்சு வெட்டுவோம். பதினேழு நாள் முன்னாடிதான் வெட்டினோம். க்ரீம் தின்ன வாய் இது. தேதியைக் கேட்டா சொல்லத் தெரியாத ஜனங்க இருக்காங்கன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இருந்தும் முட்டாப் பசங்கன்னு கத்தினேன் பார்.

மணி மூணு இருபத்தெட்டு. டெஸ்ட் ஓடுது. ஓடறப்பவே எதுக்கோ ஒரு தேடல் போட்டுப் பார்க்கறேன், ஜனவரி ஒண்ணுன்னு எத்தனை பேர். போடாம இருந்திருக்கலாம். நானூத்திப் பன்னெண்டு. அதுல பேரும் மாவட்டமும் ஒத்துப்போற ஜோடி பத்தொம்பது. மத்த பதினெட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றவங்க, அவங்களுக்கும் இன்னும் ரெண்டு நாள், மூணு நாள்ல பதிமூணு முடியும். செங்கத்து முனியம்மாளுக்கு நேத்தே நின்னிருக்கணுமேன்னு பார்த்தா, நேத்தே நின்னிருக்கு. மெயில் வந்திருக்கு, டேட்டா எரர்னு போட்டு மூடியிருக்காங்க, மூணு நாள் கியூவுல. யார் போட்டது? ஃபெலிக்ஸ். திரும்பிப் பார்க்கறேன். "நேத்து செங்கம் கேஸ் நீங்களா க்ளோஸ் பண்ணீங்க?" "ஆமா, தேதி டூப்ளிகேட்னு இருந்துது. ஏன்?" கோபம் பொத்துக்கிட்டு வருது, அப்புறம் அது போக இடமில்லாம எனக்குள்ளயே திரும்பி வருது, அந்தத் தேதியைக் கொடுத்தவன் நான்தானே, அவர் பார்த்ததைப் போட்டார். "ஃபெலிக்ஸ், இது டேட்டா எரர் இல்லை. நம்ம அடாப்டர். நான் எழுதினது." சொல்லிட்டேன். வாயிலேர்ந்து வந்துடுச்சு. அவர் மிக்ஸர் பாக்கெட்டை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சார், முதல் தடவையா கையைப் பேன்ட்ல துடைச்சுக்கிட்டுக் குனிஞ்சு திரையைப் பார்த்தார்.

"தணிகை, அடுத்த வாரம் டிரஸ்ட்டோட கான்ட்ராக்ட் ரின்யூவல். தெரியும்ல?" தெரியும். "அவசர வழியில, சிவியாரிட்டி ஒண்ணு டிஃபெக்ட்னு போனா மேல எல்லாரும் படிப்பாங்க. யார், என்ன, ஏன்னு கேப்பாங்க." தெரியும்ங்கறேன். அவர் குரலைத் தாழ்த்திக்கிட்டார், அவருக்கும் பயம், பாவம், என்னைவிட எட்டு வயசு சின்னவர், ஊரப்பாக்கத்துல வீடு கட்டிக்கிட்டிருக்கார், தலைக்கு மேல ஆயிரம். "ஃபிக்ஸை சத்தமில்லாம இன்னைக்கு போட்டுடலாம். கேஸ் மட்டும் டேட்டா எரராவே இருக்கட்டும். ரெண்டும் நடந்த மாதிரி இருக்கும்." நடந்த மாதிரி இருக்கும். அழகா இருக்கு. ஃபிக்ஸ் போகும், நாளைக்கு வர்ற முனியம்மாள்களுக்கு உதவும், ஆனா இன்னைக்கு நிராகரிச்ச கேஸை மும்பைக்காரன் மறுபடி திறக்கணும்னா அவசர வழி ஒண்ணுதான், அதுக்கு டிஃபெக்ட்னு ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா செவ்வாக்கிழமை. போன அக்டோபர்ல எங்க டீம் பத்மநாபனைக் காவேரிங்கிற மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க, அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்தவர் கையில அட்டைப்பெட்டி இருந்துது, அதுல ஒரு தண்ணி பாட்டிலும் ஒரு பிள்ளையாரும். நாப்பத்தொம்பது வயசு அவருக்கு. ரெண்டு நாள் அந்த நாற்காலி யாரும் உக்காராமக் கிடந்துது, மூணாம் நாள் யாரோ எடுத்துக்கிட்டாங்க. எனக்கு நாப்பத்தேழுன்னு சர்டிஃபிகேட் சொல்லுது, நிஜத்துல இன்னும் அஞ்சு மாசம் பாக்கி, அந்த அஞ்சு மாசத்தை எந்த ஹெட்மாஸ்டர்கிட்டப் போய்க் கேக்கறது. கலைவாணி இப்ப சிலிண்டரை மாட்டியிருப்பா. வேலை போச்சுன்னு அவகிட்ட எந்த வார்த்தையில ஆரம்பிக்கறது, 'ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சாலே அவளுக்குத் தெரிஞ்சுடும். மூச்சு வாங்குது எனக்கும். பேசினா மூச்சு வாங்குதுன்னு எழுதியிருந்தாங்களே அது எப்படி இருக்கும்? தண்ணி குடிக்கக் கூடாதாம் அவங்களுக்கு, எங்க சாஃப்ட்வேர்லயே ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கு, அரை லிட்டர்னு வரும். ஜூன் மாசம், போளூர் வெயில். நான் இங்க மூணு பாட்டில் குடிச்சாச்சு.

மணி மூணு முப்பத்தாறு. டெஸ்ட் பச்சை. ஃபாரத்தைத் திறந்தேன். கேட்டகிரி, சாஃப்ட்வேர் டிஃபெக்ட். காரணம்கிற கட்டத்துல முதல்ல பூசி மெழுகித்தான் எழுதினேன், 'பிறந்த தேதி வடிவ மாற்றத்தில் ஏற்பட்ட முரண்பாடு'ன்னு. ஏற்பட்டதாம். தானா ஏற்பட்டுதாம், மழை பெய்யற மாதிரி. அழிச்சேன். 'வருஷம் மட்டும் கொடுத்த நோயாளிகளுக்கு நான் ஜனவரி ஒண்ணுன்னு சேர்த்தேன். ஸ்கீமா வருஷத்தை மட்டும் ஏத்துக்கும். நானூத்திப் பன்னெண்டு பேர், பத்தொம்பது ஜோடி, ரெண்டு பேருக்குச் சிகிச்சை நின்னுபோச்சு, உடனே திறக்கவும்.' காரணமான நபர். இந்தக் கட்டத்துல விரல் நின்னுது. ஒரு கணம்தான், ஆனா அந்த ஒரு கணத்துல எல்லாக் கணக்கும் வந்து போச்சு, டீம்னு போடலாமா, பழைய வெர்ஷன்னு போடலாமா, போன வருஷம் வேலையை விட்டுப் போன சுதர்சன் பேரைப் போட்டா யார் கேக்கப்போறா. அசிங்கம். தணிகைவேல்னு அடிச்சு அனுப்பினேன். அது ஃபெலிக்ஸ் பெட்டிக்குப் போகும், அவர் ஓகே அழுத்தினாத்தான் மும்பைக்குப் போகும். அவர் தன் இடத்துக்குப் போய் உக்காந்துக்கிட்டு அழுத்தாம இருக்கார். கண்ணாடிச் சுவர் வழியா தெரியுது, தாடையைத் தேய்க்கறார். அழுத்துய்யா. மூணு நாப்பத்தொண்ணு. அழுத்தித் தொலைய்யா. எழுந்து போய்க் கதவைத் தட்டாம உள்ள நுழைஞ்சேன், "ஃபெலிக்ஸ், பேசினா மூச்சு வாங்குதாம் அந்தம்மாவுக்கு. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கலை. "உங்க பேர்லதான் போகும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க"ன்னுட்டு அழுத்தினார். போச்சு. சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு டிங் கூட இல்லை.

மூணு நாப்பத்தாறுக்கு புது ஃபைல் கிளம்பிச்சு. நாற்காலியில உக்கார முடியலை, நின்னுக்கிட்டே பார்க்கறேன், ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ். மூணு அம்பது. பக்கத்து சீட் பொண்ணு, "சார் உடம்பு சரியில்லையா"ன்னு கேக்குது, நல்லாத்தான்மா இருக்கேன். மூணு அம்பத்துநாலு. மும்பைக்காரன் டீ குடிக்கப் போயிட்டானா, எல்லாரையும் போல அவனும் நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பையை மாட்டிட்டானா. மூணு அம்பத்தேழுக்கு வந்துது. ரெண்டு பதில். போளூர் முனியம்மாள், கணவர் ஏழுமலை, பிறந்தது அம்பத்தெட்டு, அனுமதி. செங்கம் முனியம்மாள், கணவர் சின்னப்பையன், பிறந்தது அம்பத்தெட்டு, அனுமதி. வெவ்வேற நம்பர். ரெண்டு பொம்பளைங்களும் ரெண்டு பேரா ஆயிட்டாங்க. உக்காந்தேன். செங்கத்துக்கு மெயில் தட்டிட்டு, போளூருக்கு மெயில் பத்தாதுன்னு போன் போட்டேன். அமுதவல்லி எடுத்தவுடனே, "வந்துடுச்சு சார், இப்பத்தான் திரையில பார்த்தேன், ரொம்ப நன்றி சார்"ங்குது. "செங்கத்து சிஸ்டர் நேத்து என்கிட்ட சொன்னாங்க சார், அங்கயும் ஒரு முனியம்மாவுக்கு, தேதி டூப்ளிகேட்னு நின்னுபோச்சுன்னு. அதை நான் இவங்க காதுல விழற மாதிரி பேசிட்டேன். அதுலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்காங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம், கொடுக்கட்டுமா?" வேண்டாம்னு சொல்லத்தான் நினைச்சேன். "கொடும்மா."

ஏதோ உரசற சத்தம், அப்புறம் மூச்சு. "சார், நான் முனியம்மா பேசறேன்." சொல்லுங்கம்மா. "சார், அந்தச் செங்கத்து அம்மாவுக்கு... என்னாலதான் நின்னுபோச்சாமே. நான் வேணும்னு செய்யலை சார். தேதி என்னான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுதான் சொன்னேன். வருசம் கூட... ரேசன் கார்டு எழுத வந்த டீச்சரம்மா கணக்குப் போட்டுச் சொன்னது. நான் பொய் சொல்லலை சார்." இல்லைம்மா, நீங்க எதுவும் தப்பு பண்ணலைன்னு சொல்றேன். அவங்க காதுல அது விழுந்துதான்னு தெரியலை, மூச்சை இழுத்துக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கறாங்க. "தெரியாதுன்னு சொன்னா... தெரியாதுன்னு எழுதிக்க... உங்க பொட்டியில எடம் இல்லையா சார்?" பக்கத்துல யாரோ கூப்பிடறாங்க, பெட் காலியாச்சு, எழுந்து வாங்கன்னு. "இருந்துச்சும்மா. நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன்"னேன். "சரி, விடுங்க சார், மெசின்ல கூப்பிடறாங்க"ன்னுட்டு போனை அமுதவல்லி கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க.